பின்னாடியே வந்த நாலு மிஷின்

ஆணி முனையால் ஸ்பேசர் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் சந்து ஒரே அளவாக நிற்கணும் என்று மூலைக்கு மூலை சொருகுகிற பிளாஸ்டிக் துண்டுக்குப் பெயர் ஸ்பேசர், கூட்டல் குறி மாதிரி இருக்கும், விரல் நகம் அளவுதான், தரை இறுகினதும் பிடுங்கி எடுத்து ஒட்டின பசையைச் சுரண்டிப் போட்டால் அடுத்த வீட்டுக்கு ஆகும். ஒரு வாளி நிறையக் கிடக்கிறது. கட்டி முடியாத வீட்டு மாடியில், பூச்சு வாடை போகாத சுவரைப் பார்த்து, முதுகை வாசலுக்குக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் என் மகள் யாழினி, நாலு வயசு, அவள் கையிலும் ஒரு ஆணி. நான் ஏன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாத ஆள் எங்கள் ஊர்ப் பக்கம் கிடையாது, வெளியூர்க்காரர்களுக்குத்தான் தெரியாது, அவர்களுக்காக ஒரு தடவை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், கை பாட்டுக்குச் சுரண்டட்டும்.

என் பெயர் சங்கரகோமதி. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றது, அதற்கப்புறம் கல்யாணம் ஆகிறவரைக்கும் சித்தாள் வேலை. மண்ணும் கல்லும் சுமந்து கொத்தனார் கைக்கு எடுத்துக் கொடுக்கிறவளுக்குச் சித்தாள் என்று பெயர். சித்தாளாக வந்த ஆம்பளை நாலு வருஷத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான், பொம்பளைக்குச் சும்மாடு வைத்து வைத்து உச்சிமுடி உதிர்ந்தாலும் அவள் சித்தாள்தான், இது யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை, மழை மேலேயிருந்து கீழே பெய்கிற மாதிரி ஒரு வழக்கம். நான் சுமந்தபடியே பார்த்தேன். குளியலறைத் தரைக்கு எவ்வளவு வாட்டம் விட்டால் தண்ணீர் தானாக ஓட்டையைத் தேடிப் போகும், ஒட்டின டைல்ஸை விரல் முட்டியால் தட்டினால் எந்தச் சத்தத்துக்கு உள்ளே காற்று இருக்கிறது, எந்தச் சத்தத்துக்குப் பசை நிறைந்திருக்கிறது, எல்லாம் பார்த்தும் கேட்டும் வந்ததுதான். ஒரே ஒரு ஆசை இருந்தது, இன்னும் இருக்கிறது. ஒரு மாடி, இல்லை ஒரு அறையாவது, முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரைக்கும் என் கையால் தரை போடணும், இது கோமதி போட்டது என்று யாராவது ஒரு ஆள் சொல்லி அதை நான் கேட்கணும்.

எங்க வீட்டுக்காரக வேல்மயில் அப்போது லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தாக. ஊரில் ஓட்டு வீடெல்லாம் இடிந்து மாடி வீடாக எழும்பின வருஷம் அது, ஆட்டோவில் டைல்ஸ் பெட்டியாக ஏற்றி இறக்கி, ஏற்றுகிறவனைவிட ஒட்டுகிறவன் நிமிர்ந்து நடக்கிறான் என்று இவுகளுக்குத் தோன்றியது, டைல்ஸ் கான்ட்ராக்ட் எடுக்கிறதென்று முடிவாயிற்று. வேலை தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஆம்பளைக்குப் பழகினால் வந்துவிடும். மிஷின் எடுக்கச் சங்கரன்கோவில் போகணும், கோமதியும் வரணும் என்று அத்தை, அதாவது என் மாமியார், சொன்னாக. என் விவரத்துக்காகச் சொல்லவில்லை. இவுக குடும்பத்தில் தொழிலுக்கென்று எந்தச் சாமான் எடுத்தாலும் பிள்ளை பெற்ற மருமகள் கையில் முதலில் கொடுப்பார்கள், அவள் கை பட்டுத்தான் அது கடை வாசலைத் தாண்டணும், இல்லையென்றால் தொழில் நிற்காது. அந்த லோடு ஆட்டோ என் பிரசவத்துக்கு முன்னால் எடுத்தது, அதனால்தான் மாசத்துக்கு ஒரு தடவை நடுவழியில் நிற்கிறது என்று அத்தை இன்றைக்கும் சொல்வாக.

கடைவீதியில் காஜா பாய் கடை. உள்ளே நுழைந்ததும் இவுக கண் பெரிய சிவப்பு மிஷின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. கனமாக இருந்தால் உழைக்கும் என்று எங்கள் ஊரில் ஒரு எண்ணம், உரலில் இருந்து பீரோ வரைக்கும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை காதில் மட்டும் சொன்னேன், நாள் முழுக்க முட்டிபோட்டு ஒற்றைக் கையால் பிடிக்கிற கட்டருக்குக் கனம் ஆகாது, நாலு அங்குல பிளேடு போதும், பிளேடை விரலால் சுற்றிவிட்டு அச்சு ஆடுகிறதா என்று பார்க்கணும், ஆடினால் டைல்ஸ் ஓரம் பல்லுப் பல்லாகப் பெயரும் என்று. அத்தை அதை மகன் காதில் சொன்னாக, மகன் அதைச் சத்தமாகக் கடைக்காரரிடம் சொன்னாக, கடைக்காரர், தம்பி விவரமான ஆளாக இருக்கிறீர்களே என்று டீ சொன்னார். பசை கலக்குகிறதற்கு டிரில்லில் கம்பி மாட்டினால் போதாதா என்று இவுக கேட்டாக, வேகமாகச் சுற்றினால் பசைக்குள் காற்று ஏறும், காற்று ஏறின பசை ஆறு மாசத்தில் தரையைத் தூக்கிவிடும், மெதுவாகச் சுற்றுகிற தனி மிஷின் வேணும் என்று நான் அத்தை காதுக்குச் சொன்னேன், அது அதே வழியாகப் போய்ச் சேர்ந்தது. துளை போடுகிற டிரில்லில் அடியை நிறுத்துகிற திருகு இருக்கணும், டைல்ஸில் அடித்துத் துளைத்தால் விரிசல் விடும், ஓரம் தேய்க்கிற கிரைண்டரில் வேகம் குறைக்கிற திருகு இருக்கணும், இப்படி நாலு மிஷினும் மூன்று வாய் மாறி முடிவாயிற்று. கடைசியில் கைராசிக்கு ஒவ்வொன்றையும் என்னிடம் கொடுத்து, பாய் பிளக்கைச் சொருகி, ஒரு நிமிஷம் ஓட்டிப் பாரும்மா என்றார். நாலும் ஆளுக்கு ஒரு நிமிஷம் என் கையில் ஓடின. கட்டர் ஓடினபோது என் உள்ளங்கையில் இருந்து தோள்பட்டை வரைக்கும் ஒரு நடுக்கம் ஏறி, அப்படியே இறங்கி, மறுபடி மிஷினுக்குள்ளேயே போயிற்று. அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை, இதைப் பின்னாடி எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று.

ஆட்டோவில் முன்னால் இவுகளும் அத்தையும், பின்னால் சாமான். எனக்கு இடமில்லை, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். தேரடி பக்கம் போகும்போது பின்னால் டிக் டிக் என்று சத்தம் வந்தது. நான் திரும்பவில்லை, எவர்சில்வர் கடை வாசலில் அடுக்கியிருந்த குடங்களில் தெரிந்தது. நாலு மிஷினும் ஆட்டோவில் இருந்து இறங்கி என் பின்னாடி வந்துகொண்டிருந்தன, கட்டர் தன் அடித்தகட்டில் வழுக்கிக்கொண்டு முன்னால், கிரைண்டர் உருண்டு உருண்டு அதற்குப் பின்னால், டிரில் மூக்கைத் தரையில் ஊன்றி ஊன்றி, கலவை மிஷின் ஒற்றைக் கம்பியில் நொண்டியடித்துக்கொண்டு கடைசியில், நாலுக்கும் வயர் வால் மாதிரி இழுபட, பிளக்குகள் கல்லில் தட்டிக்கொண்டே வந்தன. கரண்ட் இல்லாத சாமான்கள், கரண்டி, ரப்பர் சுத்தியல், மட்டம் பார்க்கிற ரசமட்டம், எதுவும் இறங்கவில்லை, அவையெல்லாம் ஆட்டோவிலேயே ஒழுங்காக இருந்துகொண்டன. பூக்கடைக்காரி, வயரைச் சுருட்டிக்கோ தாயி, யாராவது தடுக்கி விழுந்து வைக்கப்போறாக என்றாள். போலீஸ்காரர் ஒரு லாரியை நிறுத்தி நாலும் ரோட்டைத் தாண்டட்டும் என்று கை காட்டினார். காஜா பாய் வேர்க்க வேர்க்க ஓடிவந்து பில்லை வாங்கி, நடக்கிறதுக்கு வாரண்டி கிடையாது என்று பின்பக்கம் எழுதி, சீல் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் கண்டக்டர் நாலு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், கலவை மிஷின் உயரமாக இருக்கிறதே, அரை டிக்கெட் போடலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டார்.

ஊரில் முதல் வாரம் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம். நான் குழாயடிக்குப் போனால் நாலும் வரும், குடம் நிறைகிறவரைக்கும் நிழலில் நிற்கும், ரேஷன் கடைக்குப் போனால் வரிசையில் என் பின்னால் நிற்கும், அதற்குப் பின்னால் நிற்கிறவர்கள் இடம் விட்டு நிற்பார்கள், ரேஷன் கடைக்காரர் ஆள் கணக்கில் இவை வராது என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. இரண்டாவது வாரத்தில் பேச்சு ஆரம்பித்தது. மிஷின் ஏன் நடக்கிறது என்று ஒருத்தரும் பேசவில்லை, நடக்கிறது நடந்துவிட்டுப் போகட்டும், அது ஏன் ஒரு பொம்பளை பின்னாடி நடக்கிறது என்பதுதான் பேச்சு. குழாயடியில் பக்கத்து வீட்டு மாரித்தங்கம் அக்கா குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு எல்லாரும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எந்தப் பொருளாச்சும் சும்மா பின்னாடி வருமாட்டி? ஒருக்காவாச்சும் நீ திரும்பிப் பாத்திருப்ப."

"இல்லக்கா. திரும்பல."

"திரும்பாதவ பின்னாடியா நாலு வரும்? ஒண்ணுன்னாக்கூட நம்பலாம்."

குடங்கள் சிரித்தன என்றுதான் எனக்குக் கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன், நாலும் வந்தன, நான் வேகமாக நடந்தால் வேகமாக வந்தன, அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஊர் தன்னைப் பார்த்துக்கொண்டது. வயசுக்கு வந்த பிள்ளைகளை மிக்சி சுவிட்சைத் தொடாதே என்றார்கள். மேலத்தெருவில் ஒரு வீட்டில் மாவாட்டுகிற கிரைண்டருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கிற அதே மூச்சில், பிள்ளை பின்னாடி ஏதும் வருமா என்றும் கேட்கத் தொடங்கினார்கள், எதுவும் வராது, வேணுமென்றால் தெருக்கோடி வரை நடந்து காட்டச் சொல்கிறோம் என்று பெற்றவர்கள் சொன்னார்கள், அப்படி நடந்து காட்டுகிறதும் ஒரு சடங்காகிவிட்டது, அதற்கென்று வெற்றிலை வைக்கிறார்கள்.

இவுக மிஷினைச் சங்கிலியில் கட்டிப் பார்த்தாக, அறுத்துக்கொண்டு வந்தன, கட்டரே அறுத்தது. பூட்டி வைத்துப் பார்த்தாக, உள்ளேயிருந்து கதவில் துளை விழுந்தது. ஒருநாள் பகலில் என்னைக் கன்னத்தில் அறைந்தாக, அப்போது நாலு மிஷினும் கரண்ட் இல்லாமலே ஒரு விநாடி உறுமின, அதை யாரிடமும் சொல்லாதே என்று அத்தை எனக்கு எண்ணெய் தடவிவிட்டாக. எங்கே கட்டர் தன் பக்கம் திரும்புமோ என்று இவுக ரெண்டு நாள் திண்டாடினாக, அது திரும்பவில்லை, அது ஒரு சாதுவான மிஷின்.

காளியம்மன் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். எங்கள் ஊர்க் கூட்டத்தில் பொம்பளை உட்காரக் கூடாது, ஓரமாக நிற்கலாம், பேசக் கூடாது, கேள்வியைப் புருஷனிடம் கேட்பார்கள், புருஷன் திரும்பி அவளிடம் கேட்பார், அவள் சொன்னதைப் புருஷன் சொல்வார். அவள் திரும்பிப் பார்த்தாளா என்று நாட்டாமை கேட்டார், திரும்பிப் பார்த்தியா என்று இவுக கேட்டாக, இல்லை என்று நான் சொன்னேன், இல்லையாம் என்று இவுக சொன்னாக. கையில் பிடித்து ஓட்டினாளா என்றார், ராசிக்கு ஒரு நிமிஷம் என்று அத்தை ஓரத்தில் இருந்து அழுதாக, ஒரு நிமிஷம் போதாதா என்று ஒரு குரல் வந்தது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார்கள், ஓடின மிஷினைப் பாய் எடுக்கமாட்டார் என்றார்கள். நாட்டாமை பில்லை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார், பில் யார் பேரில் இருக்கிறது என்றார், என் பேரில்தான் என்று இவுக சொன்னாக. அப்படியென்றால் சிக்கலே இல்லை, மிஷின் வேல்மயிலுக்குச் சொந்தம், பொண்டாட்டியும் வேல்மயிலுக்குச் சொந்தம், ஒரு ஆளின் சாமான் பின்னாடி அதே ஆளின் சாமான் போகிறதில் என்ன தப்பு என்று அவர் கேட்டதும் கூட்டத்துக்கே மூச்சு வந்தது. ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கணும். அதனால் இனிமேல் வேல்மயில் முன்னால் போகணும், நான் ரெண்டு அடி தள்ளிப் பின்னால், எனக்குப் பின்னால் மிஷின், பார்க்கிறவர்களுக்கு எல்லாமே அவர் பின்னாடி போகிற மாதிரி இருக்கும். வேலை இடத்தில் நான் சுவரைப் பார்த்து உட்காரணும், மிஷினைக் கூப்பிடுகிற மாதிரி தெரியக் கூடாது. இதுதான் முடிவு, இதற்குக் கற்பூரம் கொளுத்தினார்கள்.

அன்றிலிருந்து இவுக தொழில் பிடித்துக்கொண்டது. கரண்ட் போனாலும் நிற்காத மிஷின், வீட்டுக்கு நடந்தே வருகிற மிஷின், ஜெனரேட்டர் வேண்டாம், தூக்க ஆள் வேண்டாம், பக்கத்து ஊர்களில் இருந்து முகூர்த்தம் பார்த்து மிஷின் வேல்மயிலைக் கூப்பிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான், நான் அந்த வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ இருக்கணும், இல்லாவிட்டால் நாலும் இரும்பாகக் கிடக்கும். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கென்று ஒரு சுவர் உண்டு. எத்தனையோ வீட்டுச் சுவர்களை எனக்குத் தெரியும், வீடுகளைத் தெரியாது. வீட்டுக்காரர்கள் கூலி பேசும்போது, அந்தப் பொம்பளைக்குச் சித்தாள் கூலிதானே என்று கேட்பார்கள், ஆமாம், உட்கார்ந்திருக்கிற சித்தாள் என்று இவுக சிரிப்பாக.

முதுகுக்குப் பின்னால் நடக்கிற வேலை காதால் தெரியும். பிளேடு தண்ணீர் இல்லாமல் ஓடினால் சத்தம் வறண்டு போகும், பசை போதாத இடத்தில் டைல்ஸை வைத்தால் உள்ளே வெறும் பானை மாதிரி கேட்கும். பேசக் கூடாது, இருமலாம். ஒரு இருமல் என்றால் தண்ணீர் ஊற்று, ரெண்டு என்றால் மட்டம் பார், மூன்று என்றால் அந்தக் கல்லைத் தூக்கிவிட்டு மறுபடி வை. இப்படி என்று நானும் சொல்லவில்லை, இவுகளும் கேட்கவில்லை, அதுவாக ஏற்பட்டது, இன்றுவரைக்கும் எங்களுக்குள் அதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. வேல்மயில் பொண்டாட்டிக்குக் காசநோய் என்று ஊர் சொல்லிற்று.

அதைக் கேட்டுத்தான் நர்ஸ் ஜெபக்கனி அக்கா வந்தாள். எங்கள் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஊசி போடுகிறவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் சம்பாதித்து, தனக்கென்று ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தாள், அதன் கீழ்த்தளத்தில்தான் அப்போது எங்களுக்கு வேலை. சளி துப்ப ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள், அரைமணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு இருமலுக்கு அங்கே தண்ணீர் ஊற்றுகிறார், ரெண்டு இருமலுக்கு ரசமட்டத்தை வைக்கிறார். எழுந்திருக்கும்போது டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் நான் காய்ச்சலாக வீட்டில் கிடந்தேன், வீடு ரெண்டு தெரு தள்ளித்தான், மிஷின்களுக்கு அந்தத் தூரம் போதுமாக இருந்தது, என் இருமல்தான் அங்கே போகவில்லை. அன்றைக்கு இவுக அக்காவின் குளியலறைத் தரையைப் போட்டாக. தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் வாசலுக்கு வந்தது. போகப்போகத் தண்ணி பழகிடும் என்று இவுக சொன்னாகளாம். அக்கா என் காய்ச்சல் விடுகிறவரைக்கும் பொறுத்திருந்து, ஓட்டையை மூடப் புது ஜாலித்தட்டு வாங்கிவரச் சொல்லி இவுகளை டவுனுக்கு அனுப்பிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரும்பு என்றாள்.

நான் திரும்பினேன். அந்த ரெண்டு வருஷத்தில் வேலை இடத்தில் நான் திரும்பினது அதுதான் முதல் தடவை. நாலு மிஷினும் அறை வாசலில் நின்றன. முட்டிபோட்டேன், கட்டர் வந்து கைக்குள் தலையை நுழைத்தது. போட்ட கல்லைப் பெயர்த்தேன், பழைய பசையைக் கிரைண்டர் தேய்த்து எடுத்தது, கலவை மிஷின் மெதுவாக, ஒரு காற்றுக்குமிழி இல்லாமல் பசையைப் புரட்டிக்கொடுத்தது, சுவரில் இருந்து ஓட்டைவரைக்கும் நூல் பிடித்து வாட்டம் விட்டு ஒவ்வொரு கல்லாக வைத்துத் தட்டிக் கேட்டு வைத்தேன். கை கேட்டதைச் செய்கிற சாமானோடு வேலை செய்கிறது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, பால் கட்டிக்கொண்டு வலிக்கிற மாரில் பிள்ளை வாய் வைத்ததும் ஒரு ஆசுவாசம் வருமே, அந்த மாதிரி என்று வேணுமானால் சொல்லலாம். இவுக திரும்பி வந்தபோது கடைசிக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். பசை இறுக ஒருநாள் விட்டு, அக்கா ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினாள், அது நேராக ஓட்டைக்குள் போயிற்று, ஒரு சொட்டுகூட வாசல் பக்கம் பார்க்கவில்லை.

"மாடித் தரை முழுக்கக் கோமதிக்குத்தான்," என்றாள் அக்கா, இவுகளிடமே. "அவ பேருல தாரேன். அவ போடணும்."

இவுக அறையவில்லை. மறுபடியும் கூட்டத்துக்குப் போனாக. இந்தத் தடவை கூட்டத்துக்குச் சங்கடம், ஊசி போடுகிறவளைப் பகைக்க முடியாது, எல்லார் வீட்டிலும் பிள்ளை இருக்கிறது. பொம்பளை கை மிஷினைப் பிடித்துப் போட்ட தரையில் சாமி அறை வைக்கலாமா, வீட்டுக்கு விலக்கான நாட்களில் என்ன செய்கிறது, நாளைக்கு எல்லா வீட்டிலும் சித்தாள் எல்லாம் திரும்பி உட்கார்ந்தால் மண் சுமக்க யார் இருக்கிறார்கள் என்று சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். கடைசியில் நாட்டாமைதான் வழி கண்டுபிடித்தார். நர்ஸம்மா என்ன கேட்கிறாள், கோமதி பேரில் வேணும் என்கிறாள், அவ்வளவுதானே, பேரைக் கொடுத்துவிடுவோம் என்றார்.

ஒரு வாரத்தில் போர்டு வந்தது. சங்கரகோமதி டைல்ஸ் ஒர்க்ஸ் என்று பச்சையில் பெரிய எழுத்து, கீழே இவுக போட்டோ, இவுக போன் நம்பர். ஆட்டோவின் பின்னாலும் அதையே எழுதினார்கள். பொண்டாட்டி பேரில் போர்டு வைக்க ஒரு மனசு வேணும் என்று ஊரே இவுகளைத் தட்டிக்கொடுத்தது, மாரித்தங்கம் அக்கா தன் புருஷனிடம் என்னைக் காட்டிச் சண்டை போட்டாள், குழாயடியில் எனக்கு முதல் குடம் விட்டார்கள். நான் எழுத்துக்கூட்டி என் பெயரை வாசித்தேன், தப்பில்லாமல் எழுதியிருந்தார்கள்.

மாடி வேலை ஆரம்பித்த அன்று வழக்கம்போல இவுக முன்னால், நான் பின்னால், மிஷின் எனக்குப் பின்னால், மாடிப்படி ஏறி வந்தோம், சுவர் காலியாக இருந்தது, நான் உட்கார்ந்தேன். மத்தியானம் அக்கா வந்தாள், கூடவே நாட்டாமை, இன்ஜினியர், பார்க்க வந்த ரெண்டு பேர். நீதானே போடுகிறாய் என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டாள். ஆமாம், இல்லை, ரெண்டில் ஒரு வார்த்தைதான். நாலு பேர் நிற்கிறார்கள், இவுக பார்த்துக்கொண்டிருக்கிறாக, என் தலை என்னைக் கேட்காமலே இவுக இருக்கிற பக்கம் ஆடிக் காட்டியது. வீடு பிரதிஷ்டைக்குப் பாதிரியாரிடம் நாள் குறித்தாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. பேர் வந்துவிட்டதில்லையா, மற்றதும் மெதுவாக வரும் என்று அக்கா என் தோளைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

அது நடந்து எட்டு நாள் ஆகிறது. பாதி மாடி முடிந்துவிட்டது. நான் ஒரு தடவைகூட இருமவில்லை, மேற்கு மூலையில் ஏழு கல்லுக்குக் கீழே வெறும் காற்று, எனக்குத் தெரியும், அதன்மேல் என் பெயரைச் சொல்லித்தான் நடப்பார்கள்.

முந்தாநாள் காலையில் யாழினியைப் பால்வாடிக்குத் தனியாக அனுப்பினேன், தெருவில் நாலாவது வீடுதான், வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போகிறாள், அவளுக்குப் பின்னால் ரெண்டு அடி தள்ளி டிரில் போகிறது. மற்ற மூன்றும் என் காலடியில் இருந்தன, டிரில் மட்டும் மூக்கை ஊன்றி ஊன்றி அவள் வேகத்துக்கு ஏற்றமாதிரி மெதுவாகப் போகிறது. அவள் நின்று திரும்பி, குனிந்து, அதன் முதுகில் கை வைத்தாள், அது அவள் கையில் ஓடிற்று, அவள் சிரித்த சிரிப்பை நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. நான் ஓடினேன். விளக்குமாற்றோடு ஓடினேன். யாரும் பார்க்கிறதுக்கு முன்னால் என்றுதான் மனசில் இருந்தது, வேறொன்றும் இல்லை. டிரில்லை நாயை அடிக்கிற மாதிரி அடித்தேன், அது கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தது, பிள்ளையைத் தோளைப் பிடித்துத் திருப்பி பால்வாடிச் சுவரைப் பார்க்க நிறுத்தினேன், என் கையால், ரெண்டு கையாலும்.

"அதுதானம்மா வந்துச்சு," என்றாள் யாழினி சுவரிடம். "நான் என்ன செஞ்சேன்?"

ரெண்டு நாளாகப் பால்வாடிக்கு அனுப்பாமல் கூடவே கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். டிரில் இந்த அறை வாசலில்தான் நிற்கிறது, கேட்கிறது, அதன் வயர் தரையில் உரசுகிற சத்தம், அவளுக்கும் கேட்கிறது, அவள் சுரண்டுகிறதை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறாள். இன்றைக்குச் சொல்லிவிடணும் என்று காலையில் இருந்து வார்த்தையைக் கோத்து வைத்திருக்கிறேன், நீ ஒண்ணும் செய்யலை கண்ணு, அது உன் கையைத் தேடித்தான் வந்திருக்கு, திரும்பி உட்காரு, அம்மாவும் திரும்புறேன், நாலு பேர் இருந்தாலும் இருக்கட்டும், ரெண்டு பேருமாப் போய் மேற்கு மூலையில அந்த ஏழு கல்லையும் பெயர்த்து, இது கோமதி போட்டது, இது யாழினி போட்டதுன்னு, இந்தா, இவுக கூப்பிடுறாக, பக்கத்து அறையில கட்டர் நின்னுபோச்சாம், நான் அங்கே வந்து உட்காரணுமாம், நாட்டாமையும் வந்திருக்காராம், வர்றேன், இந்தா வர்றேன், புள்ளையை மட்டும் கொஞ்சம் நல்லாச் சுவத்துப் பக்கமாத் திருப்பி உக்கார வச்சிட்டு